கதைக்கு ஊர் உண்டு

2024 டிசம்பரில் ‘புஷ்பா 2’ வெளியானபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்களிலும் விசில் பறந்த காட்சி ஒன்று உண்டு. அல்லு அர்ஜுன் புடவை கட்டி, நீல வண்ணம் பூசி, கழுத்தில் எலுமிச்சை மாலையோடு ஆடும் திருவிழாக் காட்சி. அடியாட்களைப் பந்தாடும் கதாநாயகன் எதற்காகப் புடவை கட்ட வேண்டும் என்று நம்மூரில் பலருக்குப் புரியவில்லை. திருப்பதிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாக வேண்டுதல் வைத்துச் செய்து வருவதுதான் அது.

திருப்பதி என்றால் நமக்கு மலை. மலைக்குப் போகிறோம், மொட்டை போடுகிறோம், லட்டு வாங்குகிறோம், பஸ் ஏறுகிறோம். கீழே ஊருக்குள் தாத்தய்யகுண்டா என்ற இடத்தில் ஒரு அம்மன் இருப்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. கங்கம்மா. ஊர் வழக்கில் இவள் ஏழுமலையானின் தங்கை. ஆண்டுதோறும் மே மாதத்தில், வெயில் உச்சியில் இருக்கும்போது இவளுக்கு ஒரு வாரம் ஜாத்திரை நடக்கும். அப்போது திருமலை தேவஸ்தானத்திலிருந்து புடவையும் மஞ்சள் குங்குமமும் வரும். அண்ணன் தங்கைக்குச் செய்யும் சீர்.

ஜாத்திரைக்கு ஆதாரம் ஒரு கதை. முன்னொரு காலத்தில் இந்தப் பகுதியை ஒரு பாளையக்காரன் ஆண்டான். கண்ணில் பட்ட பெண்களையெல்லாம் சீரழித்தான். ஊரையொட்டிய அவிலாலா கிராமத்தில் வளர்ந்தவள் கங்கம்மா. அவள் மேலும் அவன் கை வைக்க வந்தான். அவள் தன் உண்மையான உருவத்தைக் காட்டியதும் பயந்து ஓடி ஒளிந்துகொண்டான். அவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேடத்தில் தெருத்தெருவாக அலைந்தாள். கடைசியில் ஒரு துரையின் வேடத்தில் வந்து, அவன் வெளியே தலை காட்டியதும் வெட்டினாள். மறுநாள் மாதங்கியாக மாறி அவன் மனைவியைப் பார்க்கப் போனாள்.

இந்தக் கதையை யாரும் மேடையில் உட்கார்ந்து சொல்வதில்லை. ஊரே அதை உடுத்திக்கொள்கிறது. முக்கிய வேடங்களைப் போடும் உரிமை கைகால குடும்பத்தாருக்கு. அவர்கள் பைராகி, பண்ட, தோட்டி, துரை, மாதங்கி, சுண்ணாம்புக் குடங்கள் என்று நாள் வரிசைப்படி வேடம் கட்டி வீதி வருவார்கள். பைராகிக்கு உடம்பெல்லாம் வெள்ளை. பண்ட வேடத்துக்குக் குங்குமச் சிவப்பு. தோட்டிக்குக் கரி. கூடவே ஊர்ப் பிள்ளைகளும் அதே வண்ணத்தைப் பூசிக்கொண்டு கையில் வேப்பிலையோடு கிளம்பிவிடும். வாயில் கெட்ட வார்த்தை. ஆமாம், இந்த நாட்களில் திட்டுவதற்குத் தடையில்லை. ஒளிந்திருக்கும் பாளையக்காரனுக்கு ரோஷம் வந்து அவன் வெளியே வரட்டும் என்பதற்காகத் திட்டுகிறார்களாம்! வேறு நாளில் அதே வார்த்தையைச் சொன்னால் முதுகில் நாலு விழும்.

பிறகு ஆண்கள் புடவை கட்டத் தொடங்குவார்கள். ஆட்டோ ஓட்டுபவர், கடை வைத்திருப்பவர், கல்லூரி மாணவர் என்று பேதமில்லை. சவுரி முடி, பூ, வளையல், கண்மை. வீட்டில் அம்மாவும் அக்காவும் மனைவியும் உட்கார்ந்து அலங்காரம் செய்துவிடுவார்கள். கேலிக்கூத்தாக யாரும் இதை நினைப்பதில்லை. நோயில் கிடந்த மகன் பிழைத்ததற்கோ, வேலை கிடைத்ததற்கோ நேர்ந்துகொண்ட கடன் அது. ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த ஜாத்திரையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2013இல் ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார். இந்த ஒரு வாரத்துக்கு உலகம் பெண்ணாகிவிடுகிறது என்பதைப் புத்தகத்தின் தலைப்பாகவே வைத்தார். கடைசி நாள் இரவில் கோயில் வாசலில் அம்மனின் களிமண் முகத்தைச் செய்து வைப்பார்கள். விடியும் நேரத்தில் அதன் கன்னத்தைக் கீறிக் கலைத்ததும் கூட்டம் பாயும். ஆளுக்கொரு பிடி மண். அதை வீட்டுக்குக் கொண்டு போய்ப் பத்திரப்படுத்துவார்கள்.

இந்தக் கதையில் கொல்லப்படுபவன் பத்துத் தலை அரக்கன் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் ஒரு பாளையக்காரன். 1800களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அடக்கும் வரை சித்தூர், கடப்பை வட்டாரத்தில் பாளையக்காரர்கள் படையும் வரி வசூலுமாக ஊர்களை ஆண்டவர்கள். அவர்களில் நல்லவரும் உண்டு, கொடியவரும் உண்டு. கொடியவரைப் பற்றி ஓலையில் எழுதி வைக்க யாருக்குத் தைரியம் இருந்திருக்கும்? வீட்டுக்குள் பெண்கள் பட்டதை, தெருவில் எல்லோரும் சேர்ந்து கத்திச் சொல்ல ஒரு வாரம் கிடைத்தது. சரித்திரப் புத்தகத்தில் இடம் கிடைக்காத அனுபவம் சாமி கதைக்குள் இடம் பிடித்துக்கொண்டது.

இதே பயத்திலிருந்து பிறந்த இன்னொரு கதை தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. 1976இல் வந்த அந்த நாவலில், வயதேறிப் பழுத்த மங்கத்தாயாரு அம்மாள் தன் குடும்பத்துக்குப் பழங்கதை சொல்கிறாள். தெலுங்கு தேசத்தில் ஓர் அரசன் சென்னாதேவி என்ற அழகியின் மேல் ஆசைப்படுகிறான். அவளைக் காப்பாற்றக் குடும்பமே ராவோடு ராவாகக் கிளம்புகிறது. குறுக்கே ஆறு. கரையில் நின்ற மரம் வளைந்து கொடுத்து அவர்களை அக்கரை சேர்க்கிறது. நடந்து நடந்து கடைசியில் தெற்கே கரிசல் காட்டில் வந்து குடியேறுகிறார்கள். கி.ரா.வின் வீட்டு மொழி தெலுங்கு. தன் மக்கள் வாய்வழியாகச் சொல்லி வந்த இடப்பெயர்வுக் கதையைத்தான் அவர் தன் ஊரான இடைசெவலின் தமிழில் எழுதினார். அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பெண்ணின் மேல் கண் வைத்த அதிகாரம் இருக்கிறது. ஒரு கதையில் குடும்பம் ஓடுகிறது. இன்னொன்றில் பெண் திரும்பி வந்து வெட்டுகிறாள். ஊரை விட்டுப் போனவர்கள், தாங்கள் ஏன் போனோம் என்பதைப் பேரன் பேத்திக்குச் சொல்லியாக வேண்டும். அதனால் அவர்கள் கதையில் ஆறு வருகிறது, மரம் வளைகிறது, வழி நீள்கிறது. ஊரிலேயே தங்கியவர்களுக்கு வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் செத்தான், இதோ இந்தத் தெருவில்தான் செத்தான் என்று அவர்கள் காட்ட வேண்டும். வால்டர் பெஞ்சமின் என்ற ஜெர்மானியச் சிந்தனையாளர் 1936இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் கதைசொல்லிகளை இரண்டு குலமாகப் பிரித்தார். கடல் கடந்து போய் வந்த மாலுமி ஒரு குலம். சொந்த மண்ணை விட்டு நகராத உழவன் இன்னொரு குலம். பெஞ்சமின் திருப்பதிக்கும் வந்ததில்லை, இடைசெவலுக்கும் வந்ததில்லை. ஆனால் அவர் சொன்னது இந்த இரண்டு கதைகளுக்கும் அளவெடுத்துச் சொன்னது போல இருக்கிறது.

திருப்பதியிலிருந்து சற்றுத் தள்ளி, சித்தூர் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் வெதுருகுப்பம். அதற்கு அடுத்து கார்வேட்டிநகரம். ஒரு காலத்தில் ஜமீன் இருந்த ஊர். மாந்தோப்பு, கரும்பு, வேர்க்கடலை, நடுநடுவே குன்றுகள். எல்லைக்கு இந்தப் பக்கம் திருத்தணியும் பள்ளிப்பட்டும். இந்த வட்டாரத்தில் தெலுங்கு பேசுபவருக்குத் தமிழ் புரியும், தமிழ் பேசுபவருக்குத் தெலுங்கு வரும். முனிரத்தினம், முனியம்மா என்று கூப்பிட்டால் எந்த வீட்டிலிருந்து யார் எட்டிப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது.

இந்த மண்ணின் பெரிய கதை பாரதம். சித்தூர்க் கிராமங்களில் தர்மராஜா கோயில், திரௌபதி அம்மன் கோயில் என்று இருக்கும் இடங்களிலெல்லாம் கோடையில் பாரதம் வைப்பார்கள். கொடியேற்றம், காப்புக்கட்டு எல்லாம் நம் வட ஆற்காடு, செங்கல்பட்டு ஊர்களில் நடப்பதைப் போலவே நடக்கும். பகலில் பாகவதர் ஹரிகதை சொல்வார். இரவில் நாடகம். தமிழ் ஊரில் வில்லிபாரதம் படிப்பார்கள். தெலுங்கு ஊரில் நன்னயா, திக்கனா, எர்ரனா எழுதிய பாரதம். கூத்து முறைக்கு மட்டும் மொழி எல்லை குறுக்கே நிற்பதில்லை. கல்யாண முருங்கை மரத்தில் குடைந்து கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் பூண்டு துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்துக்கொண்டு வரும்போது, அவன் என்ன மொழியில் தர்பார் நடத்துகிறான் என்பதைத் தூங்கி வழியும் பிள்ளைகள் பொருட்படுத்துவதில்லை.

பாரதம் நடக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. பகாசுர வதத்தன்று பீமன் வேடக்காரர் மாட்டு வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் பழமும் வண்டியில் ஏற்றுவார்கள். ஏகசக்கரபுரத்து மக்கள் அன்று யார்? அந்த ஊர்க்காரர்கள்தான். அர்ஜுனன் தபசுக்கு உயரமான மரத்தை நட்டுப் படி வைத்திருப்பார்கள். அர்ஜுனன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப் புடவையோடு காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சையும் விபூதியும் தன் முந்தானையில் விழாதா என்று ஒவ்வொருத்தியும் ஏங்குவாள். வியாசர் சிவனிடம் பாசுபதம் வாங்கத்தான் அர்ஜுனனைத் தவத்துக்கு அனுப்பினார். இந்த ஊர்ப் பெண்கள் அதே தவத்தில் தங்கள் கவலைக்கும் ஒரு இடம் பிடித்துவிட்டார்கள்.

கடைசி நாள் படுகளம். ஊர்க்கோடித் திடலில் களிமண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளம். மார்பில் ஏறி நாலு பேர் நடக்கலாம். முகத்துக்கு வண்ணம், முறுக்கு மீசை, முட்டைக் கண். தொடைக்குள் செந்நீர் நிரப்பிய பானையைப் புதைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றிச் சண்டை போடுவார்கள். பீமனின் கதாயுதம் தொடையில் விழுந்ததும் சிவப்பு பீறிடும். திரௌபதி வந்து கூந்தலை முடிவாள். அதற்குள் துரியோதனனின் பெண்டாட்டி முறமும் துடைப்பமுமாக வந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பாள். திடலே நிசப்தமாகும். வெற்றி பெற்றவர்களின் கதையைத்தான் பதினெட்டு நாளும் கேட்டார்கள். ஆனாலும் தோற்றவன் மனைவி அழும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு சாவு நடந்திருக்கிறது. அந்த ஒப்பாரி மெட்டு அவர்கள் சொந்த அம்மாவுக்கும் அண்ணனுக்கும் பாடிய அதே மெட்டு. மாலையில் தீமிதி முடிந்ததும் துரியோதனன் மேலிருந்து ஒரு கட்டி மண்ணை எடுத்துப் போய்க் குதிரிலோ வயலிலோ போடுகிறவர்கள் உண்டு.

சமயம், கலை என்று எந்தப் பெயரில் இதைச் சேர்த்தாலும், ஒரு வேலையை இது துல்லியமாகச் செய்கிறது. எங்கோ அரியானாவில் நடந்ததாகச் சொல்லப்படும் போருக்கு உள்ளூர் விலாசம் எழுதுகிறது. அதோடு கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வேறு இருக்கிறான். ராஜா சபையில் நின்றுகொண்டு போன மாதம் ஊரில் ஆழ்துளைக் கிணறு தண்ணீர் வராமல் போனதையும், கடலை விலை விழுந்ததையும் நக்கலடிப்பான். குருகுலத்து அரசனுக்குப் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கக் கடன். யாருக்கும் அது பொருந்தாமல் தெரிவதில்லை.

பெருங்கதைக்குள் தன் வாழ்க்கையை நுழைப்பதில் பெண்கள் எப்போதும் கெட்டிக்காரர்கள். தெலுங்குப் பெண்கள் வீட்டுக்குள் பாடும் ராமாயணப் பாட்டுகளை வெல்சேரு நாராயண ராவ் என்ற அறிஞர் திரட்டி ஆராய்ந்தார். அந்தக் கட்டுரை 1991இல் பவுலா ரிச்மன் தொகுத்த ராமாயணங்கள் பற்றிய நூலில் வெளிவந்தது. அந்தப் பாட்டுகளில் போர் அதிகம் கிடையாது. கோசலை மசக்கையில் படும் பாடு, சீதையின் கல்யாணம், பதினாலு வருஷம் தூங்கிய ஊர்மிளை, மாமியார் வீடு, நாத்தனார் குத்தல் இவைதான் வரும். பிராமணப் பெண்கள் பாடுவதற்கும், வயலில் வேலை செய்யும் பெண்கள் பாடுவதற்கும் கூட வித்தியாசம் இருக்கிறது என்று அவர் காட்டினார். யார் எதைப் பட்டார்களோ அதைத்தான் சீதையும் படுகிறாள்.

இன்னொரு கதை தமிழில் வழங்குவது. ஏ.கே.ராமானுஜன் தன் இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் சேர்த்திருக்கிறார். ஒரு கிழவி. இரண்டு மகன், இரண்டு மருமகள். நாலு பேரும் அவளைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். சொல்லி அழ ஆளில்லை. உள்ளேயே அடக்கி அடக்கி அவள் உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. அதற்கும் வீட்டில் கேலி. ஒருநாள் ஊருக்கு வெளியே கூரையில்லாத பாழ் வீடு ஒன்றைப் பார்க்கிறாள். உள்ளே போய் ஒரு சுவரிடம் மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். சுவர் இடிந்து விழுகிறது, அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவரிடம் அடுத்தவர் கதை. நாலு சுவரும் விழுந்த பிறகு லேசான உடம்போடு வீடு திரும்புகிறாள். மனநல ஆலோசகர்கள் இன்று விளக்கப்படம் போட்டுச் சொல்வதைச் சோறு வடித்துக்கொண்டே ஒரு பாட்டி சொல்லி முடித்திருக்கிறாள்.

சொல்லிய கதை அச்சுக்குப் போகும்போது வேறொரு சிக்கல் வருகிறது. யாருடைய பேச்சில் எழுதுவது? தெலுங்கில் கிருஷ்ணா, கோதாவரிக் கரைப் பேச்சுதான் நெடுங்காலம் எழுத்துக்குத் தகுந்த பேச்சாக மதிக்கப்பட்டது. சித்தூர்ப் பேச்சும் ராயலசீமைப் பேச்சும் சினிமாவில் வில்லனுக்கோ வேலைக்காரனுக்கோ ஒதுக்கப்பட்டன. நம் ஊரில் கோவைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் சிரிப்புக் காட்சிக்குப் பயன்பட்ட மாதிரி. இந்த நிலையை உடைத்தவர்களில் முக்கியமானவர் திருப்பதிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த நாமினி சுப்பிரமணியம் நாயுடு. பத்திரிகையாளர். ‘பச்சனாகு சாட்சிகா’, ‘சினப்ப கதலு’, ‘மிட்டூரோடி கதலு’ என்று அவர் எழுதியவை பெரும்பாலும் அவர் வீட்டுக் கதைகள்தான். பசி, மாடு, வேர்க்கடலைக் காடு, படிக்க வைக்கத் துடிக்கும் அம்மா, வாயில் வரும் வசவு எதையும் அவர் இஸ்திரி போட்டுக் கொடுக்கவில்லை. அம்மா வாயால் கேட்ட கதைகளைத் தனிப் புத்தகமாகவும் போட்டார். படித்த சித்தூர்க்காரர்களுக்குத் தங்கள் வீட்டுப் பேச்சு அச்சில் வந்ததைப் பார்த்து ஒரு கூச்சமும் ஒரு பெருமையும் சேர்ந்தே வந்திருக்கும். கி.ரா. கரிசல் பேச்சில் எழுதி, 1982இல் அந்தப் பேச்சுக்கு அகராதியும் போட்டபோது நமக்கும் அப்படித்தான் இருந்தது.

நாமினிக்கு முன்னோடி மதுராந்தகம் ராஜாராம். 1930இல் சித்தூர் மாவட்டத்து மொகராலாவில் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியார், தாமலசெருவில் வாழ்ந்தவர். அவருடைய சிறுகதைகளுக்கு 1993இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. மகன் மதுராந்தகம் நரேந்திராவுக்கும் 2022இல் அதே விருது. அப்பா, மகன் இருவரும் அகாதெமி விருது வாங்கிய வீடுகள் அபூர்வம்.

தமிழ் வாசகர் கையில் எளிதாகக் கிடைக்கக்கூடியவர் கேசவ ரெட்டி. 1946இல் சித்தூர் மாவட்டத்தில் பிறந்து, தொழுநோய் மருத்துவராக நிஜாமாபாத் பக்கம் வேலை பார்த்து, 2015இல் மறைந்தவர். குட்டி ஈனப்போகும் தன் பன்றியைத் தேடிக் காட்டுக்குள் போகும் ஒரு கிழவனின் ஒற்றை இரவுதான் அவருடைய ஒரு நாவல். தமிழில் ‘அவன் காட்டை வென்றான்’ என்ற பெயரில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. பன்றி மேய்ப்பவன் கதாநாயகனா என்று கேட்பவர்கள் பத்துப் பக்கம் படித்துவிட்டுக் கேட்கலாம். அவருடைய இன்னொரு நாவல் ‘மூகவானி பில்லனகுரோவி’ நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். ஒண்டில்லு என்ற ஊரில் கடனுக்கு நிலத்தைப் பறிகொடுக்கும் பக்கிரெட்டி என்ற சிறு விவசாயி அந்த நிலத்திலேயே உயிர் விடுகிறான். பிறகு அவனைப் பற்றி ஊரில் கதைகள் கிளம்புகின்றன. நேற்று வரை பக்கத்து வீட்டில் இருந்தவன் இன்று ஐதிகமாகிவிடுகிறான். கங்கம்மாவின் கதையும் ஒருவேளை இப்படித்தான் யாரோ ஒருத்தியின் வாழ்க்கையில் தொடங்கியிருக்கும் என்று இந்த நாவலைப் படித்தவருக்குத் தோன்றினால் ஆச்சரியமில்லை.

இவ்வளவு கதை விளைந்த நிலத்துக்கு அரசாங்கம் எத்தனை முறை பெயர் மாற்றியிருக்கிறது! வட ஆற்காடு மாவட்டத்துக்குச் சித்தூர்தான் தலைநகராக இருந்தது. 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுக்க அங்கே போனது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சித்தூர் அங்கேயே நின்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஒவ்வொரு முறையும் பலகை மாறியது, பள்ளிக்கூடத்துப் பாட மொழி மாறியது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ் வீடுகளில் பிள்ளைகள் தெலுங்கில் படித்தார்கள், இந்தப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் தமிழில் படித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மொழியில் பேசிக் கதை கேட்டு வளர்ந்த தலைமுறை இரண்டு பக்கமும் இருக்கிறது. அவர்களுக்குத் தாய்மொழி என்பதே பாட்டி சொன்ன கதைதான்.

எல்லையை வைத்து அரசியல் செய்தவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அவரவர் மொழிக்கு அவரவர் நின்றார்கள். ஆனால் ‘நாங்கள் யார்’ என்ற கேள்விக்கு மொழி ஒன்றை மட்டும் பதிலாக வைத்தால், வெதுருகுப்பத்து மனிதர் பாதிதான் தெரிவார். திரௌபதிக்குத் தீ மிதிப்பவர், கங்கம்மாவுக்குப் புடவை கட்டுபவர், எந்த ஊர்க் குளக்கரையில் பீமன் வண்டி நின்றது என்று சொல்லத் தெரிந்தவர் என்ற மீதிப் பாதி கதைகளில்தான் இருக்கிறது.

அந்த மீதிப் பாதிக்கு ஆபத்து இல்லாமலில்லை. பதினெட்டு நாள் பாரதம் செலவு தாங்காமல் பல ஊர்களில் பத்து நாள், எட்டு நாள் என்று சுருங்கிவிட்டது. விடிய விடியக் கூத்துப் பார்க்க ஆள் குறைகிறது. கூத்து வாத்தியார்களிடம் தலைமுறையாகக் கைமாறிய நோட்டுகள் பரணில் செல்லரிக்கின்றன. சினிமாவில் கங்கம்மா வேடம் வந்ததும் ஜாத்திரைக்குக் கூட்டம் கூடியிருப்பதாகச் சந்தோஷப்படலாம். ஆனால் கேமரா முன்னால் நிற்க வேடம் கட்டுபவர் எத்தனை பேர், நேர்ந்துகொண்டு கட்டுபவர் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்ப்பது இனிக் கஷ்டம்தான்.

செய்ய முடிந்த காரியம் ஒன்று இருக்கிறது. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கி.ரா.வைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அவர் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். இன்று அதற்குப் பல்கலைக்கழகம் வேண்டாம். எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வீட்டில் எழுபது தாண்டிய பாட்டியோ பெரியப்பாவோ இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதையைப் பதிவு செய்யுங்கள். குலசாமி கதையாக இருக்கலாம், ஊரை விட்டு வந்த கதையாக இருக்கலாம், மாமியார் கொடுமையாகக்கூட இருக்கலாம். நடுவில் குறுக்கிட்டுப் பேச்சைத் திருத்தாதீர்கள். தெலுங்கும் தமிழும் கலந்து வந்தால் கலந்தே இருக்கட்டும். சொல்பவர் பெயர், யாரிடம் கேட்டது, எந்த ஊரில் நடந்தது, பதிவு செய்த தேதி, இந்த நாலையும் முதலிலேயே சொல்ல வைத்துவிடுங்கள்.